வேலையும் இல்லை, வோட்டும் இல்லை: தேர்தல் பிரசாரத்துக்குத் தொண்டராகப் போகலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்களுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுக்கிற மேசையொன்றில் சனிக்கிழமைகளில் இருக்கிறேன். தேர்தல் கிட்ட வந்தால் ரெஸ்யூமேயை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். நானும் வந்த புதிதில் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்து, ஒரு மாநகரசபை வேட்பாளருக்கு நோட்டீஸ் மடித்தவன். அதனால் மேசையில் இருக்கும் மற்றவர்கள் இந்தக் கேள்வி வந்தால் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சொல்லியிருக்கும் விதிகள் கனடாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் உரியவை.

எனக்கு வோட்டே இல்லை. நான் போய் நிண்டு என்ன செய்யிறது? சட்டப்படி விடுவினமோ?

விடுவார்கள். வாக்களிக்க மத்திய, மாகாண, மாநகரசபை என்ற மூன்று மட்டத்திலும் கனேடியக் குடியுரிமை வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்கு மாநகரசபைத் தேர்தலில்கூட வாக்கு இல்லை. ஆனால் காசு வாங்காமல் ஒரு வேட்பாளருக்கு உதவ வாக்குரிமை தேவையில்லை. மத்திய தேர்தல் சட்டம் வாக்காளர்களைத் தகாத முறையில் தூண்டக்கூடாது என்று தடுப்பது, கனடாவில் வசிக்காத வெளிநாட்டவரை. இங்கே வசித்துக்கொண்டிருக்கும் உங்களை அல்ல.

என்ன பிரயோசனம் என்றால், 2022 இல் ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. குடியுரிமை எடுத்துப் பல வருடமாகியும் ஒருமுறைகூட வாக்குச்சாவடிப் பக்கம் போகாத தமிழ் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு தமிழில் கதைக்க ஆள் கிடைப்பது வேட்பாளருக்குப் பெரிய விசயம். உங்கள் ஒரு வாக்கைவிட அது பெரிது.

ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது.

ஒருவரையும் தெரிய வேண்டியதில்லை. வேட்பாளரின் இணையப் பக்கத்தில் தொண்டர் படிவம் இருக்கும். அதை நிரப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரே அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஏதாவது பிளாசாவில் மூடிக்கிடந்த கடை ஒன்றை வாடகைக்கு எடுத்திருப்பார்கள், கண்ணாடி முழுக்கப் படம் ஒட்டியிருக்கும். உள்ளே போய் வேட்பாளரைத் தேட வேண்டாம். தொண்டர்களை ஒழுங்குபடுத்துகிறவர் யார் என்று கேட்டு, எந்தெந்த நாள் வரமுடியும் என்று சொல்லுங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஒன்ராறியோ மாநகரசபைத் தேர்தல் நான்கு வருடத்துக்கொருமுறை ஒக்டோபர் நான்காவது திங்கட்கிழமை. 2026 இல் அது ஒக்டோபர் 26. மே 1 இலிருந்து வேட்பாளர்கள் பதிவு செய்யலாம், ஓகஸ்ட் 21 கடைசி. மே, ஜூனிலேயே போனால் ஆள் குறைவு, உங்கள் பெயர் ஞாபகத்தில் நிற்கும். மத்திய தேர்தலில் அவ்வளவு காலம் கிடைக்காது, அறிவித்த நாளிலிருந்து ஐந்து தொடக்கம் ஏழு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

என்ன வேலை தருவினம்? என்ரை இங்கிலிஷ் பெரிசா ஓடாது.

நோட்டீஸ் மடிப்பது, வீடு வீடாகக் கதவு தட்டுவது, ரெலிபோன் எடுப்பது, கேட்ட வீட்டு முற்றத்தில் பெயர்ப்பலகை நடுவது, கணினியில் பதிவது. இங்கிலிஷ் ஓடாதவர் தமிழ் வீடுகளின் ரெலிபோன் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். இரண்டு கிழமையில் அதே நாலு வசனத்தை இங்கிலிஷிலும் சொல்லப் பழகிவிடுவீர்கள். ஒரே வசனத்தை ஒரு பின்னேரத்தில் அறுபது தரம் சொல்ல வைக்கிற மொழி வகுப்பு வேறெங்கும் இல்லை.

ஒன்றுக்கு மனதைத் தயார்ப்படுத்துங்கள். உங்களுக்கு வேலை பழக்குகிறவர் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம். ஊரில் பதினைந்து வருடம் முகாமையாளராக இருந்தவர் ஒருவர் முதல் நாளே அது பொறுக்காமல் திரும்பி வந்துவிட்டார். எனக்குப் பழக்கிய பிள்ளைக்கு வயது பதினேழு. அவ்வளவு தெளிவாக எனக்கு அதற்குப் பிறகு எந்த மேலாளரும் சொல்லித் தந்ததில்லை.

கதவு தட்டப் பயமாக் கிடக்கு. ஆக்கள் பேசினால் என்ன செய்யிறது?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். கதவு தட்டுவது ஆளின் மனதை மாற்றுவதற்கு அல்ல. இந்த வீட்டில் யார் நமக்கு ஆதரவு, யார் இல்லை, யார் இன்னும் யோசிக்கிறார் என்று குறித்துக்கொண்டு வருவதற்குத்தான். ஆதரவு என்று குறித்தவர்களைத் தேர்தலன்று கூப்பிட்டு வாக்குச்சாவடிக்கு அனுப்புவார்கள், பிரசாரத்தின் முழு இயந்திரமும் அதுதான். ஆகவே யாராவது பேசினால் வாதாட வேண்டாம். "நன்றி" என்று சொல்லி, "இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த வீடு. அந்த "இல்லை"யும் அலுவலகத்துக்குப் பயன்படும் தகவல்தான்.

இரண்டு பேராகத்தான் போங்கள். அழைப்பு மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னுக்கு நில்லுங்கள், கதவைத் திறக்கிறவர் மிரளாமல் இருப்பார். பெயர், யாருக்காக வந்திருக்கிறேன், அவருக்கு ஆதரவு தருவீர்களா, அவ்வளவுதான். அரை நிமிடம். பாதிக்கு மேற்பட்ட வீட்டில் கதவே திறக்காது, அட்டையைக் கதவில் செருகிவிட்டு நடக்க வேண்டியதுதான். கனடா போஸ்ட்டின் தெருவோரப் பெட்டிகளுக்குள் போடாதீர்கள். வீட்டுக்குள் வரச்சொன்னால் போகாதீர்கள்.

தமிழ் வீடுகளில் மட்டும் இந்தக் கணக்கு பிழைக்கும். "நீங்கள் ஊரிலை எவடம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். பதில் சொன்னால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம், அதிபர், கடைசியில் தேத்தண்ணி என்று இருபது நிமிடம் போய்விடும். நான் "ஆற அமர இன்னொரு நாளைக்கு வாறன் அம்மா" என்று சொல்லிக் கழன்றுவிடுவேன். இரண்டு வீட்டுக்கு உண்மையாகவே பிறகு போனேன்.

குளிர்காலத் தேர்தலென்றால் பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். 2025 பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலில் பேனா மை உறைந்ததும், ரெலிபோன் பற்றறி பாதி வழியில் செத்ததும் பலருக்கு நடந்தது.

கொண்டோவிலை உள்ளுக்கை விடமாட்டன் எண்டு சூப்பரின்ரென்டன் கலைக்கிறார்.

கட்டடத்தைப் பராமரிக்கும் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. மத்திய தேர்தலிலும் மாநகரசபைத் தேர்தலிலும், காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிவரை, வேட்பாளரும் அவருடைய ஆட்களும் அடுக்குமாடிக்குள் போய்க் கதவு தட்டுவதை வீட்டுச் சொந்தக்காரரோ கொண்டோ நிர்வாகமோ தடுக்க முடியாதென்று சட்டம் சொல்கிறது. ஆனால் வரவேற்பறையில் நின்று சட்டம் பேசவேண்டியது நீங்கள் அல்ல. அலுவலகத்துக்கு ஒரு ரெலிபோன் போடுங்கள், அதற்கென்று அச்சடித்த கடிதம் வைத்திருப்பார்கள்.

காசு ஏதும் தருவினமோ? பஸ் காசாவது?

தொண்டருக்குச் சம்பளம் இல்லை. பஸ் காசு சில இடங்களில் ரசீது கொடுத்தால் தருவார்கள், முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரொறன்ரோ பஸ்ஸும் சப்வேயும் ஓட்டும் ரி.ரி.சி.யில் ஒரு கட்டணம் இரண்டு மணித்தியாலத்துக்குத்தான், மூன்று மணித்தியாலம் நின்றால் போக ஒன்று, வர ஒன்று. வேலையில்லாதவருக்கு அது கணக்குத்தான். நடந்து போகக்கூடிய அலுவலகத்தைத் தெரிவது நல்லது.

சில பிரசாரங்கள் ஒருசிலரைச் சம்பளத்துக்கும் எடுக்கும். அப்படியென்றால் அது வேலை. இங்கே வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கவேண்டும், கணக்கில் வரவேண்டும். "கையிலை தாறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பிரசாரத்தின் செலவு ஒவ்வொன்றும் கணக்குக் காட்டப்படவேண்டியது. அது பிடிபடும்போது உங்கள் பெயரும் வரும்.

நான் இ.ஐ. எடுக்கிறன். போனால் வெட்டிப்போடுவாங்களோ?

தொண்டுக்குப் போனதற்காக என்றில்லை. ஆனால் இ.ஐ. என்ற வேலையின்மைக் காப்புறுதி எடுக்கிறவர் ஒவ்வொரு வேலை நாளும் வேலைக்குப் போகத் தயாராகவும், வேலை தேடிக்கொண்டும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை பிரசார அலுவலகத்தில் குந்தியிருந்தால், தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் போங்கள். போட்ட விண்ணப்பங்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு கிழமைக்கொருமுறை நிரப்பும் அறிக்கையில் சம்பளமில்லாத வேலையையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். எதையும் ஒளிக்காமல், இ.ஐ.யைக் கவனிக்கும் சேர்விஸ் கனடாவை அழைத்துக் கேட்டு, கதைத்த நாளையும் அவர்கள் சொன்னதையும் எழுதி வையுங்கள்.

ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண உதவிப்பணம் எடுப்பவர்கள் தங்கள் வேர்க்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தலையிடி இல்லை.

அண்ணா, நான் ஸ்டூடன்ட் பெர்மிட்ல இருக்கேன். வாரத்துக்கு 24 மணி நேரக் கணக்குல இதுவும் வந்துடுமா?

24 மணித்தியாலம் என்ற எல்லை கல்லூரிக்கு வெளியே செய்யும் வேலைக்கு. குடிவரவு விதிகளில் வேலை என்பது சம்பளமோ கமிஷனோ கிடைக்கும் செயல், அல்லது இங்குள்ளவர்களின் வேலைவாய்ப்போடு நேரடியாகப் போட்டியிடும் செயல். எல்லோரும் இலவசமாகச் செய்கிற கதவு தட்டுதலும் நோட்டீஸ் மடித்தலும் அதற்குள் வராது. சம்பளம் வாங்கினால் கதை வேறு, அதை முன்னே சொல்லிவிட்டேன்.

இதைக் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் எண்டு ரெஸ்யூமேயிலை போடலாமோ?

போடலாம், போடவேண்டும். 2026 ஜனவரி 1 இலிருந்து ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள், பொதுவில் விடும் வேலை விளம்பரத்தில் கனேடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கக்கூடாது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் நேர்முகத்தில் எதிரே இருப்பவரின் மனதுக்குள் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவரின் பெயரும் ரெலிபோன் இலக்கமும் வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். "தேர்தல் தொண்டர்" என்று ஒரு வரி போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. எத்தனை வீடு, எத்தனை அழைப்பு, எத்தனை பேரை நீங்கள் ஒழுங்குபடுத்தினீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். அதற்காக நாளாந்தம் ஒரு கொப்பியில் குறியுங்கள், பிறகு யோசித்தால் ஞாபகம் வராது. கட்சியின் பெயரைப் போடுவதா என்று கேட்டால், நான் போடமாட்டேன். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் பாகுபாட்டுக் காரணங்களில் அரசியல் கருத்து இல்லை, கட்சியைப் பார்த்து ஒருவர் உங்களை ஒதுக்கினால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. மாநகரசபைத் தேர்தலில் கட்சியே இல்லாததால் இந்தத் தலையிடியும் இல்லை. புதியவர்களை முதலில் அங்கே போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் வெண்டால் எனக்கு வேலை போட்டுத் தருவாரோ? என்ரை இமிக்கிரேசன் ஃபைலையும் பாப்பார் எண்டு சொல்லுகினம்.

சொல்லுகிறவர் யார் என்று பாருங்கள். வேட்பாளரே சொன்னாலும் நம்பாதீர்கள். அரசாங்க வேலைகளுக்குத் தனியான ஆட்சேர்ப்பு இருக்கிறது. உறுப்பினர் தானே தெரிவது தன் அலுவலகத்தின் ஒருசில உதவியாளர்களைத்தான். அவர்களைப் பிரசாரத்தில் பழகியவர்களிலிருந்து எடுப்பதும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று கதிரைக்கு நாற்பது பேர் காத்திருப்பார்கள்.

இமிக்கிரேசன் விசயத்தில் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று திணைக்களத்திடம் விசாரிக்கும். முடிவு எடுக்க அவரால் முடியாது. அந்த விசாரிப்பும் தொகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் உரியது. அவருக்கு எதிராக வேலை செய்தவரும் போய்க் கேட்கலாம். ஏற்கெனவே உங்களுக்கு உள்ளதை வாங்க நோட்டீஸ் மடிக்கத் தேவையில்லை.

நூறு டொலர் குடுக்கச் சொல்லுகினம். குடுக்காட்டி மரியாதை இல்லையோ?

குடுக்காதீர்கள். வேலையில்லாதவரிடம் நேரம்தான் இருக்கிறது, அதைத்தான் கொடுக்கிறீர்கள். "75 சதவீதம் திரும்ப வரும்" என்பார்கள். மத்திய கட்சிகளுக்குக் கொடுக்கும் முதல் 400 டொலருக்கு அந்த வரிச்சலுகை உண்மைதான். ஆனால் அது கட்டவேண்டிய வரியிலிருந்து கழிப்பது. வருமானமே இல்லாதவருக்குக் கட்ட வரி எங்கே இருக்கிறது?

சட்டத்தையும் சொல்கிறேன். மத்திய தேர்தலுக்குக் காசு கொடுக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். மாநகரசபைக்கு ஒன்ராறியோவில் வசிக்கும் தனிநபர் கொடுக்கலாம், 25 டொலருக்கு மேல் காசாகக் கொடுக்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாராவது உங்கள் கையில் காசைத் தந்து "உங்கடை பேரிலை போடுங்கோ" என்றால் அது குற்றம். அண்ணை தம்பி என்று உறவு சொல்லிக்கொண்டு வந்தாலும் குற்றம்தான்.

நான் ஊரிலை டிசைனர். இஞ்சையும் இடைக்கிடை ஆக்களுக்குக் காசுக்குச் செய்யிறனான். போஸ்டர் எல்லாம் சும்மா செய்து தரச்சொல்லுகினம்.

இங்கேதான் கவனம். மத்திய தேர்தல் விதியில், சுயதொழிலாக நீங்கள் வழக்கமாகக் காசு வாங்கிச் செய்யும் அதே வேலையை இலவசமாகச் செய்தால் அது தொண்டு அல்ல. அந்த வேலையின் பெறுமதி நன்கொடையாகக் கணக்கிடப்படும். நன்கொடை என்றதும் மேலே சொன்ன தகுதி விதிகள் வந்துவிடும். நிரந்தர வதிவிடம் இல்லாதவர் என்றால் நல்லது செய்யப்போய்ச் சட்டவிரோத நன்கொடை கொடுத்தவராகிவிடுவீர்கள். வீடியோ எடுப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லோருக்கும் இதே கதை. நியாயமான விலைக்கு பில் எழுதிக் கொடுங்கள், இங்கே வேலை செய்ய அனுமதி இருந்தால். இல்லையென்றால் போய்க் கதவு தட்டுங்கள்.

பி.ஆர். விண்ணப்பத்திலை இதை எழுதோணுமோ? படம் பேஸ்புக்கிலை வந்தால் பிரச்சினையோ?

பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட விண்ணப்பத்தோடு வரும் பின்னணிப் படிவத்தில், அரசியல் அமைப்பு உட்பட நீங்கள் சேர்ந்திருந்த, ஆதரித்த அமைப்புகளைக் கேட்கும் பகுதி உண்டு. கட்சிக்கு வேலை செய்திருந்தால் எழுதுங்கள். இங்கே ஒரு கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்தது குற்றமில்லை. கேட்டதை மறைத்ததுதான் பிறகு பிழையாக வரும். அதே படிவத்தில் வேலையில்லாமல் இருந்த மாதங்களை வெறுமையாக விடாமல், வேலையில்லை என்றே எழுதவேண்டும். குடியுரிமைக்கு இதனால் ஒரு நாளும் குறையாது, ஐந்து வருடத்தில் 1,095 நாள் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

படத்தைப் பற்றி: அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருப்பவர்களும், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் முதல் நாளே "என்னைப் படம் எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கூட்டப் படத்துக்கு எல்லோரும் வரிசையாக நிற்கும்போது தேத்தண்ணி எடுக்கப் போய்விடுங்கள். வழக்கு நடக்கும்போது உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்பதும் நல்லது.

கட்சியிலை அங்கத்துவம் எடுங்கோ, ஞாயிற்றுக்கிழமை பஸ் வரும், வந்து ஒரு வோட்டுப் போட்டால் சரி எண்டு சொல்லுகினம். எனக்குத்தான் வோட்டு இல்லையே?

அது தேர்தல் வாக்கு அல்ல. கட்சிக்குள்ளே வேட்பாளரைத் தெரிகிற வாக்கு. அதற்கு விதி கட்சிக்குக் கட்சி வேறு. மத்திய லிபரல் கட்சி முன்பு குடியுரிமை, வதிவிட உரிமை இல்லாதவர்களையும் சேர்த்தது. 2025 ஜனவரியில் அதை மாற்றி, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும் என்றது. 2019 இல் ரொறன்ரோவின் டொன் வலி நோர்த் தொகுதியில் அந்தக் கட்சியின் வேட்பாளர் தெரிவுக்கு வெளிநாட்டு மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி வந்ததாகச் சொல்லப்பட்டதை, வெளிநாட்டுத் தலையீடு பற்றிய விசாரணை ஆணைக்குழு 2024 இல் ஆராய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் என்பது சின்ன விசயம் இல்லை.

உங்களுக்குத் தகுதி இருந்து, யாரைத் தெரிகிறீர்கள் என்று தெரிந்து, அங்கத்துவப் படிவத்தை நீங்களே நிரப்பினால் போங்கள். படிவத்தை வேறொருவர் நிரப்பி, விலாசத்தையும் அவரே போட்டுத் தந்தால் அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல்.

கோயிலிலை வைச்சு நோட்டீஸ் குடுக்கலாமோ? எல்லாச் சனமும் அங்கைதானே.

பதிவுசெய்த அறக்கட்டளையாக இருக்கும் கோயிலோ தேவாலயமோ, ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கத் தன் வளங்களைப் பயன்படுத்தக்கூடாது. உள்ளே வேண்டாம். வெளியே பொது நடைபாதையில் நின்று கொடுங்கள்.

வாக்காளர் பட்டியல் கையிலை கிடக்கு. எங்கடை ஆக்களின்ரை பேரை மட்டும் எழுதி எடுத்தால் பிழையோ?

பிழை. அந்தப் பட்டியல் தேர்தல் வேலைக்கு மட்டும் தரப்பட்டது. படம் எடுப்பதும், வீட்டுக்குக் கொண்டுபோவதும் கூடாது. வீடு விற்கவும் இன்சூரன்ஸ் விற்கவும் லைசென்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இதை இரண்டுதரம் சொல்கிறேன்.

வேலை தேடுற நேரத்தை இதிலை விடுறாய் எண்டு மனிசி ஏசுறா. அவ சொல்லுறது சரியோ?

அக்கா சொல்வதில் பாதி சரி. வேலையில்லாமல் வீட்டுக்குள் இருந்தவருக்குத் திடீரென்று பத்துப்பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் கிடைத்தால் அதை விட்டு வர மனம் வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கடைசி மூன்று கிழமை ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. பிரசாரம் முடிந்த மறுநாள் பழையபடி அதே சோபா, வங்கிக் கணக்கில் இன்னும் குறைவு.

கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை வேலை தேடுவதற்கு, அதைத் தொடவேண்டாம். நேர்முகம் வந்தால் அன்றைக்கு வரமாட்டேன் என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போகவும் தேவையில்லை.

தோத்துப்போனால் என்ரை ரெண்டு மாசமும் வீணோ?

நான் நின்ற வேட்பாளர் தோற்றார். எனக்கு முதல் வேலைக்கு ரெலிபோனில் நற்சான்று சொன்னது அவரல்ல, தொண்டர்களை ஒழுங்குபடுத்திய பெண். நான் எத்தனை பின்னேரம் வந்தேன் என்று அவருக்குத்தான் தெரியும். வேட்பாளர் வென்றிருந்தாலும் அந்தப் பெண்ணிடம்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் கேட்கிற நேரம் இருக்கிறது. தேர்தல் முடிந்தபின் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தோற்ற அலுவலகம் சில நாளிலேயே காலியாகிவிடும். கண்ணாடியில் படம் உரிந்திருக்கும், அந்த ரெலிபோன் இலக்கம் வேலை செய்யாது. வாக்களிப்புக்கு ஒரு கிழமை முந்தியே, நீங்கள் செய்த வேலையை எண்களோடு நாலு வரியில் நீங்களே எழுதிக்கொண்டு போய், கையெழுத்திட்ட கடிதமாக வாங்குங்கள். ஒழுங்குபடுத்துகிறவரின் சொந்த மின்னஞ்சலையும் கேளுங்கள், பிரசார மின்னஞ்சல் பிறகு திறக்காது.